பத்தில் ஏழு

கொச்சி விசா ஆபீஸில்
கண்ணாடிப் பலகைமேல் அம்மா கை வைத்தாள்.
இயந்திரம் யோசித்தது. சிவப்பு.
சேலையில் துடைத்து மறுபடி வைத்தாள். சிவப்பு.
கிரீம் தடவி, அந்தப் பெண்ணே அழுத்திப் பிடித்தும்
பத்து விரலில் ஒன்றும் பதியவில்லை.
"எந்து ஜோலியா அம்மே?"
"அண்டியாபீஸ்" என்றாள் அம்மா,
பேங்க் மேனேஜர் சொல்கிற தோரணையில்.

முப்பத்தொரு வருஷம்
கொல்லாங்கொட்டைத் தோட்டின் பால் தின்ற விரல்கள்.
சாம்பல் தொட்டாலும் தின்னும்,
விளக்கெண்ணெய் பூசினாலும் தின்னும்.
மூன்று வாரம் வேலைக்குப் போகாமல் வாருங்கள்,
ரேகை வளரும் என்றாள் அந்தப் பெண்.

மூன்று வாரம்.
என் பிரசவத்துக்குக்கூட அவள் எடுக்காத லீவு.

அபர்தீனிலிருந்து பெனிட்டா
வாட்ஸ்ஆப்பில் ஸ்கேன் படம் அனுப்பினாள்.
நான் அம்மாவின் பெருவிரலைப் படம்பிடித்து அனுப்பினேன்.
"இப்ப எப்படி இருக்கு?"
"லேசா ஒரு கோடு தெரியுது."
"எனக்கும் கால் தெரியுதாம்."

வேலையில்லாத கை என்ன செய்யும்?
உளுந்தில் கல் பொறுக்கியது,
பொறுக்கிய உளுந்திலேயே திரும்பப் பொறுக்கியது.
மார்த்தாண்டத்தில் வாங்கிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு
சித்திரை மாசம் மத்தியானம்
மரச்சீனிக் கிழங்கு அவித்தாள்.
வியர்வை மூக்கில் சொட்டியது.
"பழகண்டாமா மக்கா."

இரண்டாம் தடவை ஏழு விரல் பதிந்தது.
மூன்று பதியவில்லை.
ஏழு போதுமாம் அந்த நாட்டுக்கு.

பெட்டி கட்டினோம்.
நேந்திரங்காய் வற்றல், நெத்திலிக் கருவாடு ஏழு சுற்றுப் பிளாஸ்டிக்கில்,
முந்திரிக்கொத்து,
பெனிட்டாவுக்குப் பேறுகால மருந்துப்பொடி,
அங்கே கிடைக்காதென்று யாரோ சொன்ன ஊக்கு இரண்டு அட்டை.
தூக்கிப் பார்த்து "இருபத்தி மூணு, கூட ஒரு நானூறு" என்றாள்.
ரேஷன் கடைத் தராசும் அதையே சொன்னது.
நானூறு கிராமுக்கு எதை எடுப்பது?
ஊக்கை எடுத்தாள், வைத்தாள்.
என் செருப்பை எடுத்துவிட்டாள்.

ராத்திரி ஒன்றரைக்கு கார்.
கருங்கல் சந்திப்பில் நாய் ஒன்று நடுரோட்டில் படுத்திருந்தது,
டிரைவர் எட்வின் இறங்கி அதனிடம் பேசிவிட்டு வந்தான்.
பள்ளியாடி வளைவில் அண்டியாபீஸ் கேட்.
நான் பார்த்தேன். அம்மா பார்க்கவில்லை,
பாஸ்போர்ட் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.
குழித்துறைப் பாலத்தில் குளிர்ந்த காற்று வந்ததும்
"ஸ்வெட்டர் எந்தப் பெட்டியில?" என்றாள்.

திருவனந்தபுரத்தில் திரை போட்ட சிறு அறை.
பெண் காவலர் கருவியைக் கையில் எடுக்குமுன்பே
அம்மா இரண்டு கையையும் விரித்தாள்.
பிறகு, யாரும் கேட்காமல்,
கொண்டையை அவிழ்த்தாள்.
நரைமுடி தோளில் விழுந்தது.
அவள் அதை விரலால் கோதி உதறிக் காட்டினாள்,
ஒரு பருப்பும் இல்லை என்று.

"அது வேண்டா அம்மே" என்றாள் காவலர்.
குரல் தாழ்ந்திருந்தது.
அம்மாவுக்கு விளங்கவில்லை,
வெளியே வந்ததும் என்னிடம் கேட்டாள்:
"இஞ்ச முடி பாக்க மாட்டினுமா?"
நான் ஷூ லேஸ் கட்டுகிறவளைப்போலக் குனிந்துகொண்டேன்.
நான் போட்டிருந்தது செருப்பு.

விமானம் கடலுக்குத் திரும்பியது.
கீழே விளக்குகள், விசைப்படகாக இருக்கும்.
பணிப்பெண் ஆளுக்கொரு சின்னப் பாக்கெட் தந்தாள்,
வறுத்த முந்திரி.
அம்மா உள்ளங்கையில் கொட்டி வெளிச்சத்தில் புரட்டினாள்.
"முழுசு நாலு. மிச்சம் பொட்டு."
எண்ணத் தவறவில்லை.
பொட்டை எனக்குத் தந்தாள்.
முழுசு நாலையும் பாக்கெட்டில் திருப்பிப் போட்டு
வாயை மடித்தாள்.
பெனிட்டாவுக்கா என்றேன்.

பதில் வரக் கொஞ்சம் நேரமாயிற்று.
"இல்ல" என்றாள்.
மறுபடி பிரித்து, ஒன்றை எடுத்து,
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு
வாயில் போட்டாள்.
"கொள்ளாம்."